பையைப் பாத்துக்குங்க

ஜனவரி 20

ஆஸ்பத்திரியில் இவருக்கு ஒரு புத்தகம் கொடுத்திருக்கிறார்கள். இருமல், சளி, பசி, வயிறு, தூக்கம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். தினமும் அதில் டிக் போட வேண்டுமாம். எனக்கு வருகிற ஆத்திரத்துக்கு அதில் கட்டம் இல்லை. அதனால்தான் இந்த டைரி. பால் சொசைட்டியில் பொங்கலுக்குக் கொடுத்தது.

இவர் என்பது என் வீட்டுக்காரர் ஆறுச்சாமி. அரசு பஸ்ஸில் கண்டக்டர், கோயமுத்தூர் பொள்ளாச்சி வண்டி, ஓய்வு பெற்று நாலு வருஷம் ஆகிறது. பீடி, சிகரெட் தொட்டதில்லை. அப்படிப்பட்டவருக்கு நுரையீரலில் நார் பிடித்து இறுகிக்கொண்டே வருகிற நோய். ஏன் வந்தது என்று டாக்டருக்கே தெரியவில்லை. இருக்கிற மருந்தெல்லாம் கொடுத்துப் பார்த்தாயிற்று. புதிதாக ஒரு மாத்திரை சோதனையில் இருக்கிறது, அதில் சேர்ந்துகொள்ளுங்கள் என்றார் டாக்டர் சம்பத்.

"சேர்றவங்கள்ல பாதிப் பேருக்கு நிஜ மருந்தும்மா. பாதிப் பேருக்கு அதே மாதிரி இருக்கற வெறும் மாத்திரை. யாருக்கு எதுன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது."

"உங்களுக்கே தெரியாம எப்படிங்க குடுப்பீங்க?"

"தெரிஞ்சா நம்ம மனசு கணக்கை மாத்திப்போடும். அதான் கம்ப்யூட்டரு பிரிச்சுக் குடுக்குது."

நல்லாயிருக்கிறது நியாயம். தின்கிறவருக்கும் தெரியாது, கொடுக்கிறவருக்கும் தெரியாது. கண்ணைக் கட்டிக் காட்டில் விடுகிறதுக்கு ஒரு கையெழுத்து வேறு. நிஜ மருந்தாக இருந்தால் வயிற்றால் போகலாம், சிலருக்கு ஈரலைப் பாதிக்கலாம் என்று படித்துக் காட்டினார்கள். நான் அங்கேயே இவரிடம் சொல்லிவிட்டேன்.

"இங்க பாருங்க, வயித்துக்கு ஏதாச்சும் பண்ணுச்சுன்னா அன்னிக்கே மாத்திரையத் தூக்கிக் குப்பையில போட்டுருவேன். ஆமா."

இவர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். "சீட்டு இருக்குதோ இல்லியோ, ஏறிக்கலாம் அம்மிணி. நின்னுட்டாவது போலாம்."

ஜனவரி 28

மோர் காணாமல் போகிறது. காலையில் சட்டி நிறையக் கடைந்து வைக்கிறேன், மத்தியானம் பார்த்தால் அடி தெரிகிறது. கேட்டால் பூனை என்கிறார். பூனை உப்புப் போட்டுக் கலக்கியா குடிக்கும்?

கை கழுவுகிற சோப்பும் நாலே நாளில் தேய்ந்து நாணயம் போல் ஆகிவிட்டது. எந்நேரமும் பின்பக்கம் பக்கெட்டை உருட்டுகிற சத்தம். செடிக்குத் தண்ணீர் விடுகிறாராம். இருப்பது ஒரே ஒரு கறிவேப்பிலை மரம்.

பிப்ரவரி 4

இன்று குழாயில் தண்ணீர் வரவில்லை. இவருக்கு அப்படியொரு கோபம். தண்ணீர் வரவில்லை என்று இந்த மனுஷன் கோபப்பட்டு இப்போதுதான் பார்க்கிறேன்.

பிப்ரவரி 18

மாதாந்திரப் பரிசோதனை. குழாயில் ஊத வேண்டும், ஆறு நிமிஷம் வராந்தாவில் நடக்க வேண்டும், ரத்தம் கொடுக்க வேண்டும். கடைசியில் நர்ஸ் பிரின்சி புது டப்பாவைத் திறந்து, மாத்திரைகளை எண்ணிக் காட்டிக் கொடுப்பாள். பெண் நல்ல பெண். எண்ணும்போது உதடு அசைகிறது.

ஆண்கள் நடக்கப் போகும்போது பெண்கள் வெளியே பெஞ்சில். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் பூங்கோதை. உடுமலைக்காரி. வீட்டுக்காரர் திருமூர்த்தி, தையல்காரர். அதே நோய், அதே மாத்திரை, சேர்ந்ததும் அதே வாரம். பத்து நிமிஷத்தில் என்னை அக்கா ஆக்கிவிட்டாள். டிபன் பாக்ஸைத் திறந்து தக்காளிச் சோற்றில் பாதியை என் மூடியில் தள்ளினாள். பிறகு காதருகே குனிந்தாள்.

"அக்கா, அவருக்கு வயித்தால போகுதுங்க்கா!"

பிள்ளை பரீட்சையில் பாஸாகிவிட்ட மாதிரி சொல்கிறாள்.

"அதுக்கேன் இத்தனை சந்தோசம்?"

"நிஜ மருந்துன்னாத்தானுங்க போகும்? படிச்சுக் காட்டுனாங்கல்ல. உங்க வீட்டு அண்ணனுக்கு எப்படிங்க்கா?"

பஸ்ஸில் வரும்போது இவரிடம் கேட்டேன். "எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கறேன்" என்றார். அப்படியென்றால் இவருக்கு வெறும் மாத்திரை. மாவு.

பிப்ரவரி 23

உட்கார்ந்தால் எழ வேண்டும் போலிருக்கிறது, எழுந்தால் உட்காரத் தோன்றுகிறது. பரணை ஒழித்தேன். ஒழித்ததை எல்லாம் மறுபடி மேலேயே வைத்தேன். பித்தளைப் பாத்திரங்களைப் புளி போட்டுத் தேய்த்தேன்.

"நோம்பி ஏதாச்சும் வருதா?" என்று கேட்டுவிட்டு இருமினார். இருமல் நிற்பதற்குள் இரண்டு குடத்தைத் தேய்த்து முடித்துவிட்டேன். ஊரில் எத்தனையோ பேர் மூச்சு விடுகிறார்கள். குடிக்கிறவன், பிடிக்கிறவன், வட்டிக்கு விடுகிறவன். இவருக்கு மட்டும் ஏன் மாவு?

மார்ச் 18

பரிசோதனைக்குப் போய் வந்தோம். புது டப்பா வாங்கிய பிறகு, ஆண்கள் இரண்டு பேரையும் எக்ஸ்ரே எடுக்கக் கூப்பிட்டார்கள். பூங்கோதை எழுந்தாள். "பையைப் பாத்துக்குங்க்கா, இப்ப வந்தர்றேன்" என்று சொல்லிவிட்டுக் கீழே போனாள். அவள் திரும்பி வரக் கால் மணி நேரம் ஆயிற்று.

அவ்வளவுதான். வேறொன்றும் எழுதுவதற்கில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் இவருக்கு இருமல் வந்து வெந்நீர் கொடுத்தேன். பாட்டில் கை சுடச் சுட்டது. எப்போது பிடித்தேன் என்று நினைவில்லை.

மார்ச் 21

யார் படிக்கப் போகிறார்கள், எழுதியே விடுகிறேன். பூங்கோதை பையிலிருந்த அவர்கள் மாத்திரையை எங்கள் டப்பாவில் போட்டேன். எங்கள் மாத்திரையை அவர்கள் டப்பாவில் போட்டேன். அமுக்கித் திருகுகிற மூடி, முதலில் திறக்க வரவில்லை. டிபன் பாக்ஸ் மூடியில் கொட்டி மாற்றினேன். ஒரே நிறம், ஒரே அளவு, எண்ணிக்கையும் ஒன்றே.

திருமூர்த்தி ஏற்கெனவே இரண்டு மாதம் நிஜ மருந்து தின்றுவிட்டார். கொஞ்ச நாள் இவர் தின்னட்டும். பந்தியில் பக்கத்து இலைக்காரர் இரண்டு தரம் வாங்கிவிட்டால் மூன்றாவது தரத்தை நமக்கு வைக்கச் சொல்வதில்லையா? அது மாதிரிதான். திருட்டு என்று சொல்ல முடியாது.

சொல்ல முடியாது.

ஏப்ரல் 2

மருந்து வேலை செய்கிறது! இவர் இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிடுகிறார். முகம் தெளிந்திருக்கிறது. பக்கெட்டை உருட்டுவதில்லை, கறிவேப்பிலை மரம் காய்ந்து கிடக்கிறது. மோர் மிஞ்சிப் புளித்துப் போகிறது. இன்று புளித்த மோரில் குழம்பு வைத்தேன்.

வயிற்றால் போகவில்லையே என்று ஒரு யோசனை வந்தது. எல்லாருக்கும் போகுமா என்ன? உடம்புக்கு உடம்பு வித்தியாசம்.

ஏப்ரல் 15

பரிசோதனை. பையைப் பார்த்துக்கொண்டேன். இந்த முறை மூடி உடனே திறந்தது.

பூங்கோதை எனக்குக் கனகாம்பரம் கொண்டுவந்திருந்தாள். தலையில் அவளே வைத்துவிட்டாள். வீட்டுக்கு வந்ததும் எடுத்துச் சாமி படத்துக்குப் போட்டேன்.

மே 20

ஊதுகிற பரிசோதனையில் இவருக்கு அளவு இறங்கிவிட்டது. பிரின்சி "ஊதுங்க ஊதுங்க ஊதுங்க, விடாதீங்க" என்று கத்துகிறாள், இவர் கண் பிதுங்குகிறது, உள்ளே காற்று இருந்தால்தானே. ஒரு காலத்தில் இவர் விசில் ஊதினால் பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டில் அடுத்த வண்டி டிரைவர் கிளட்சில் கால் வைப்பார்.

திருமூர்த்திக்கு அளவு இறங்கவே இல்லையாம். முன்பு தின்ற நிஜ மருந்தின் மிச்சமாக இருக்கும். மருந்து உடம்பில் ஊறிப்போயிருக்கும்.

பையைப் பார்த்துக்கொண்டேன்.

ஜூன் 11

ஓசூரிலிருந்து மகள் போன் செய்தாள். அப்பா எப்படி என்றாள். அப்படியேதான் என்றேன். பேசிக்கொண்டே ஜன்னல் கம்பி எல்லாவற்றையும் துடைத்தேன். வீட்டில் துடைக்க இனி எதுவும் இல்லை.

ஜூன் 17

ஆறு நிமிஷ நடையை இவர் நாலாவது நிமிஷத்தில் நிறுத்திவிட்டார். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் திருமூர்த்தி நடந்து முடித்துவிட்டு வந்து இவர் முதுகைத் தடவிக் கொடுத்தார். அந்த மனுஷன் கையை நான் ஏன் அப்படிப் பார்த்தேன் என்று தெரியவில்லை.

ஜூலை 3

வீட்டுக்கு ஆக்ஸிஜன் மெஷின் வந்துவிட்டது. குளிக்கப் போகும்போது மட்டும் கழற்றுகிறார். "ஏ அம்மிணி, டவுன் பஸ்ஸு மாதிரி உறுமிக்கிட்டே இருக்குது, எறங்கவே உட மாட்டீங்குது" என்கிறார். இந்த மனுஷனுக்கு எப்படிச் சிரிப்பு வருகிறதோ, எனக்கு இவரை உலுக்க வேண்டும் போலிருக்கிறது.

ஜூலை 15

இன்று பையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். மாற்ற வேண்டாம் என்று ஒரு மனது. மாற்றாமல் விட்டு, இந்த மாதம்தான் மருந்து பிடிக்க வேண்டிய மாதமாக இருந்தால்? பாதிக் கிணறு தாண்டி நிறுத்துவதா? பூங்கோதை படி ஏறி வருகிற சத்தம் கேட்டது. அவசரத்தில் ஒரு மாத்திரை பெஞ்சுக்கு அடியில் உருண்டுவிட்டது. குனிந்து எடுத்து, ஊதி, அவர்கள் டப்பாவில் போட்டேன்.

"என்னங்க்கா தேடறீங்க?"

"கொண்டை ஊசி."

அவளும் குனிந்து தேடினாள். எத்தனை நேரம் தேடினாள், கடவுளே.

ஆகஸ்ட் 12

பிரின்சி போன். சோதனையை நிறுத்திவிட்டார்களாம். "ஏன், என்னாச்சு?" என்று கத்தினேன்.

"பயப்படாதீங்கம்மா, நல்ல விசயம். மருந்து வேலை செய்யுதுன்னு உறுதியாயிருச்சு. எல்லா ஊருக் கணக்கையும் பாத்துட்டாங்க. வெறும் மாத்திரை சாப்பிட்டவங்களுக்கும் இனி நிஜ மருந்து குடுக்கணும்னு சொல்லிட்டாங்க. பத்தொம்பதாம் தேதி வாங்க, யாருக்கு எதுன்னு டாக்டரே சொல்லுவாரு."

இவரிடம் சொன்னேன். மூக்கில் குழாயோடு கையைத் தூக்கி விசில் ஊதுகிற மாதிரி செய்து காட்டினார். நான் அழுதேன். சந்தோஷத்தில்தான்.

ஆகஸ்ட் 19

எழுதி முடிக்கிற வரைக்கும் எழுந்திருக்கக் கூடாது என்று கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் அவர்களைக் கூப்பிட்டார்கள். பூங்கோதை கண்ணைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள், ஆனால் முகமெல்லாம் சிரிப்பு.

"எங்களுக்கு வெறும் மாத்திரையாமுங்க்கா! வெறும் மாத்திரையிலயே இவரு இப்படி நின்னிருக்கறாரு. டாக்டருக்கே ஆச்சரியமாப் போச்சு. எல்லாம் திருமூர்த்தி மலையான் புண்ணியம். இனி நிஜ மருந்தும் தர்றாங்களாம்."

அவர்களுக்கு வெறும் மாத்திரை என்றால்.

உள்ளே போனோம். டாக்டர் சம்பத் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் பேசினார். "அய்யா, உங்களுக்கு ஆரம்பத்துல இருந்தே நிஜ மருந்துதான். ஆனா உங்க உடம்பு அதுக்குக் கேக்கல. சில பேருக்கு அப்படி ஆகும். கேக்காத மருந்தைத் தொடர்ந்து குடுத்தா ஈரலுக்குத்தான் கெடுதல். அதனால உங்களுக்கு இதை நிறுத்திக்கலாம். ஆக்ஸிஜன் இருக்குது, மூச்சுத் திணறல் தெரியாம இருக்கறதுக்கு வழி பண்றேன்."

இவர் "செரிங்க டாக்டர்" என்றார். கடைசி வண்டி போய்விட்டது என்று கேட்டவர் மாதிரி. நாற்காலியைப் பிடித்து எழவும் தொடங்கிவிட்டார்.

வாயாடி, வாயாடி என்று என்னை ஊரே சொல்லும். அந்த நேரத்தில் மனதுக்குள் கணக்குப் போட்டேன். சொல்லாமல் எழுந்து வந்துவிட்டால் யாருக்கும் தெரியாது. இவர் போய்விடுவார். சொன்னால் வெளியே பெஞ்சில் பூங்கோதை இருக்கிறாள்.

"உக்காருங்க" என்று இவரிடம் கத்தினேன். "அந்த மருந்தை இவரு தின்னவே இல்லீங்க டாக்டர்."

சொன்னேன். மார்ச்சிலிருந்து ஜூலை வரை, ஐந்து தரமும். மூடி, டிபன் பாக்ஸ், பெஞ்சுக்கடியில் உருண்டது, எல்லாம் சொன்னேன். டாக்டர் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார். திரும்பியபோது முகம் சிவந்திருந்தது.

"ஏம்மா இப்படிப் பண்ணினீங்க?"

"அவருக்கு வயித்தால போச்சுங்க. இவருக்குப் போகல. அதனால எங்களுது மாவுன்னு..."

இவர் என் கையைப் பிடித்தார். "போச்சு அம்மிணி. மொத மாசத்துல இருந்தே போச்சு. ஒரு நாளைக்கு ஏழெட்டு வாட்டி போச்சு. நீ மாத்திரையக் குப்பையில போட்டுருவியேன்னுதான் சொல்லல. புஸ்தகத்துலயும் போகலைன்னு டிக் போட்டேன். பூனையில்ல, நாந்தான் மோரைக் குடிச்சது."

எத்தனை சட்டி மோர். எத்தனை சோப்பு. பக்கெட் சத்தத்தைக் காதால் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேனே, பாவி.

பூங்கோதையையும் திருமூர்த்தியையும் உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டர்தான் சொன்னார், என்னால் மறுபடி முடியவில்லை. சொல்லி முடித்து, "அப்ப வெறும் மாத்திரை சாப்பிட்ட மொத ரெண்டு மாசம் உங்களுக்கு ஏன் வயித்தால போச்சு?" என்று திருமூர்த்தியைக் கேட்டார். அவர் பெண்டாட்டியைப் பார்த்தார். பூங்கோதை முந்தானை நுனியைச் சுருட்டினாள்.

"விடியால வெறும் வயித்துல சோத்துக் கத்தாழை குடுத்தனுங்க. நெஞ்சுச் சளிக்கு நல்லதுன்னு பக்கத்து வூட்டுல சொன்னாங்க. வேற மருந்து குடுக்கக் கூடாதுன்னு நீங்க சொன்னீங்க, அதனால சொல்லாம உட்டுட்டேன். வயித்தால போனது மாத்திரையாலதான்னு நெசமா நெனைச்சனுங்க."

டாக்டர் இரண்டு கையாலும் முகத்தைத் தேய்த்துக்கொண்டார். "நாலு பேரும் நல்லவங்கதான். ஆனா உங்களை மாதிரி நெறையப் பேரு பண்ணியிருந்தா, இந்த நல்ல மருந்தை ஆகாத மருந்துன்னு தூக்கிப் போட்டிருப்போம். அப்புறம் யாருக்குமே கெடைச்சிருக்காது." மாதா மாதம் எடுத்த ரத்தம் குளிர்பெட்டியில் இருக்கிறதாம். அதில் பார்த்தால் யார் எதைத் தின்றார்கள் என்று தெரிந்துவிடுமாம். அது உண்மையாக இருந்தால், மேலே கமிட்டிக்கு எழுதி இவருக்கு மறுபடி மருந்து கேட்டுப் பார்ப்பாராம். கிடைக்குமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார்.

வெளியே வராந்தாவில் பூங்கோதை என் எதிரில் நின்றாள். அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றேன். அவள் குரலே உயரவில்லை.

"ஒவ்வொரு வாட்டியும் நான் பையைக் குடுத்துட்டு எங்க போனேன்னு நெனைச்சீங்க? கீழ வெந்நி வர்ற எடத்துல வரிசையில நின்னேன். அண்ணனுக்கு இருமலுக்கு வேணுமேன்னு உங்க பாட்டலையும் எடுத்துட்டுப் போயி புடிச்சுட்டு வந்தேன்."

ஆகஸ்ட் 20

ஒன்றும் ஓடவில்லை. அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 26

இவர் என்னைத் திட்டவே இல்லை. திட்டித் தொலையுங்கள் என்று நானே கேட்டுவிட்டேன். "நானும் பொய் சொன்னவன், நீயும் பொய் சொன்னவ. ஒரே வண்டியிலதான் ஏறியிருக்கறோம். மூச்சு இருக்கறப்ப எதுக்குச் சண்டைல செலவு பண்றது?" என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. பிறகு இவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

பூங்கோதைக்கு மூன்று முறை போன் செய்தேன். எடுக்கவில்லை.

செப்டம்பர் 7

ரத்தத்தில் தெரிந்துவிட்டது. நான் சொன்னது சரி. பிப்ரவரியில் எடுத்ததில் இவர் ரத்தத்தில் மருந்து இருக்கிறது, ஏப்ரலிலிருந்து இல்லை. திருமூர்த்தி ரத்தத்தில் ஏப்ரலிலிருந்து இருக்கிறது. கமிட்டி சம்மதித்துவிட்டது. எங்கள் இரண்டு குடும்பத்துக் கணக்கையும் தனியாக எடுத்து வைத்துவிடுவார்களாம்.

"இந்த அஞ்சு மாசத்துல எறங்குனது எறங்குனதுதாம்மா, அது திரும்பாது" என்றார் டாக்டர். "இனி எறங்காம நிக்குதான்னு பாக்கலாம்."

செப்டம்பர் 16

புது டப்பா வாங்கினோம். பிரின்சி எண்ணும்போது என்னைப் பார்க்கவில்லை.

பூங்கோதை வந்திருந்தாள். அதே பெஞ்சில், நடுவில் ஒரு இடம் விட்டு உட்கார்ந்தாள். டிபன் பாக்ஸைத் திறக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து எழுந்தாள். பையை எடுத்துத் தோளில் மாட்டி, ஜிப்பை இழுத்து மூடினாள். அவள் செய்தது சரி.

கீழே போய் வெந்நீர் பிடித்துக்கொண்டு வந்தாள். கையில் இருந்தது ஒரு பாட்டில்தான். இவருக்கு இருமல் வந்தது. நானும் பாட்டிலை எடுத்துக்கொண்டு கீழே போனேன். வரிசை நீளம். குழாயில் நூலாகத்தான் வருகிறது, ஒரு பாட்டில் நிறைய அத்தனை நேரம் ஆகிறது. அவள் ஒவ்வொரு மாதமும் இரண்டு பாட்டிலை வைத்துக்கொண்டு நின்றிருக்கிறாள்.

செப்டம்பர் 21

பொழுது விடிந்ததும் பின்பக்கம் பக்கெட் உருளுகிற சத்தம் கேட்டது. படுக்கையிலிருந்து துள்ளி எழுந்து ஓடினேன். ஆக்ஸிஜன் குழாயை எட்டுகிற வரை இழுத்துக்கொண்டு, கக்கூஸ் கதவுக்கு உள்ளே இருக்கிறார்.

"ஏனுங்க, போகுதா?"

"போகுது அம்மிணி."

"நல்லாப் போகுதா?"

"அட, நிம்மதியா இருக்க உடு புள்ள."

அதற்குப் பிறகும் இரண்டு தரம் ஓடினார். கறிவேப்பிலை மரத்தைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. நான் பெரிய சட்டியை எடுத்து மோர் கடைய உட்கார்ந்தேன். உப்பையும் போட்டே வைத்தேன்.